மாதாவுக்கு வசனம் இல்லை

எங்கள் ஊரின் பேரெல்லாம் பட்டுக்கும் கோயில்களுக்கும் போய்விடும். அதில் மிஞ்சிய கொஞ்சம் பேர் ஒரு காலத்தில் எங்கள் அத்தைக்கு இருந்தது. பிள்ளையார்பாளையம் முடிகிற இடத்தில் எங்கள் வீடு. அங்கிருந்து அப்பாவோடு சைக்கிளில் மார்க்கெட் போய் வருவதற்குள் யாராவது வண்டியை நிறுத்தி, மாதா எப்படி இருக்கிறது என்று கேட்டுவிடுவார்கள். அவர்கள் கேட்டது அப்பாவின் தங்கையைப் பற்றி. ஞானஸ்நானத்தில் வைத்த நல்ல பெயர் ஒன்று அத்தைக்கு இருக்கத்தான் செய்தது. அதை ரேஷன் கார்டு மட்டும்தான் வைத்துக்கொண்டிருந்தது.

அத்தை மாதா ஆனது பாஸ்கு நாடகத்தால். பெரிய வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் கோயில் மைதானத்தில் மேடை கட்டி, இயேசுவைப் பிடித்ததிலிருந்து கல்லறையில் வைத்தது வரைக்கும் நடித்துக் காட்டுவார்கள். நடிப்பவர்கள் எல்லாரும் எங்கள் தெருக்காரர்கள். தாத்தா காலத்தில் முசரவாக்கத்துப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நின்ற குடும்பங்கள். இப்போது பிள்ளைகள் தறிக்கும் சாயப்பட்டறைக்கும் ஆட்டோவுக்கும் ஆஸ்பத்திரி வேலைக்குமாகப் பிரிந்து போயிருந்தார்கள். வருஷத்தில் ஒரு நாள் எல்லாரும் எருசலேமில் ஒன்றுகூடினார்கள். இயேசுவாக நடித்த அண்ணனுக்குச் சாயப்பட்டறையில் வேலை. அவர் கையிலிருந்த சிவப்பு எந்த சோப்புக்கும் போகாது. ஆகவே ஆணி அடிக்கிற காட்சிக்கு ரத்தம் என்று தனியாக எதுவும் தேவைப்படவில்லை.

மேடையில் யாரும் வாய் திறந்து பேசுவதில்லை. அவ்வளவு பெரிய கூட்டத்துக்குக் குரல் எட்டாது. அதனால் நாடகத்தை எழுதிய, கோயிலில் ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார், பெரிய வெள்ளிக்கு நாற்பது நாள் முன்னால், தவக்காலத் தொடக்கத்திலேயே ஞானோபதேச அறையின் கதவு ஜன்னலெல்லாம் சாத்தி, வசனங்களை கேசட்டில் பதிவு செய்துவிடுவார். குரல் ஒருவருடையது, வாய் இன்னொருவருடையது. பிலாத்துவின் குரல் பள்ளிக்கூடத்து வாத்தியாருடையது. வாய் சைக்கிள் கடைக்காரருடையது. இரண்டுக்கும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. தீர்ப்பு ஒலிபெருக்கியில் முழுசாக வந்து முடிந்த பிறகும் பிலாத்து வாயை மென்றுகொண்டிருப்பார்.

அந்த கேசட்டை ஓட்டுவது எங்கள் அப்பா. அப்பா மைக் செட் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, சாவு எல்லாவற்றுக்கும் எங்கள் வீட்டுக் குழாய் ஸ்பீக்கர்தான் கத்தும். பெரிய வெள்ளியன்று மேடைக்கு இடப்பக்கம், முன்னாலேயே, ஒரு மேஜை போட்டு ஆம்ப்ளிஃபயரும் டேப் ரிக்கார்டரும் வைத்து உட்காருவார். பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட பெட்டியின் மேல் நான் உட்காருவேன். எனக்கு அப்போது எட்டு வயது. உலகத்தின் சத்தமெல்லாம் என் அப்பா கையில் இருக்கிறது என்ற திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

முதல் வருஷம் மாதாவுக்கும் சில வசனங்கள் இருந்தனவாம். உபதேசியாரின் மனைவி குரல் கொடுத்திருந்தார். ஒத்திகையில் வசனம் ஓடியபோது அத்தை வாயை அசைக்கவே இல்லை. அசைக்கச் சொல்லிப் பார்த்தார்கள். தலையை ஆட்டினாள், ஆனால் வாயை அசைக்கவில்லை. உபதேசியார் மேடைக்குக் கீழே நின்று கொஞ்ச நேரம் பார்த்திருக்கிறார். பிறகு அப்பாவிடம் வந்து, "அந்தக் குரல எடுத்துட்லாம்பா. இது மூஞ்சிக்கு முன்னாடி அது எரைச்சலா கீது" என்றாராம். அன்றிலிருந்து மாதாவுக்கு வசனம் இல்லை.

அத்தை பெரிதாக எதுவும் செய்துவிட மாட்டாள். மகன் சிலுவையோடு விழும்போது மற்றப் பெண்கள் மாரில் அடித்துக்கொள்வார்கள். அத்தை கிட்டே போய், அவர் முகத்தைத் துடைக்க முந்தானையைச் சுருட்டிக்கொண்டு கையை நீட்டுவாள். சேவகன் அவளைத் தள்ளிவிடுவான். நீட்டிய துணியை என்ன செய்வதென்று தெரியாதவளாக ஒரு கணம் பார்த்துவிட்டு, அதில் தன் கையையே மெதுவாகத் துடைத்துக்கொள்வாள். அவ்வளவுதான். மைதானம் முழுக்க மூக்குச் சிந்துகிற சத்தம் கேட்கும். அந்த நீல முக்காட்டுத் துணியை வருஷா வருஷம் ஜவுளிக்கடை பாய் கொடுப்பார். மரியம் அம்மாவுக்குப் போடுகிற துணி என்று ஒதுக்கி வைத்திருப்பார். கூட்டத்தின் ஓரத்தில் அவரும் நின்றுவிட்டுத்தான் போவார்.

வீட்டில் அதே அத்தை வேறு ஆள். பேச்சு அங்கேயும் குறைச்சல்தான். தாய் தகப்பனை இழந்து அண்ணன் வளர்த்த பிள்ளை, எதையும் வாய்விட்டுக் கேட்டுப் பழகாதவள். ஆனால் பங்குச் சாமியார் பிரசங்கத்துக்கு முன்னால் கண்ணாடியைத் துடைத்து, மாட்டி, மறுபடி துடைப்பதை ஒரு வார்த்தை பேசாமல் செய்து காட்டுவாள். அம்மா அடுப்பங்கரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். பகலில் அத்தை தறி இருக்கிற வீடுகளுக்குப் பாவு பிணைக்கப் போவாள். தறியில் தீர்ந்துபோன நெடுக்கு நூலான பாவின் ஒவ்வோர் இழையோடும் புதுப் பாவின் இழையைச் சாம்பல் தொட்டு முறுக்கிச் சேர்க்கிற வேலை. பேச்சுக் கொடுத்தால் இழை மாறிவிடும் என்று அங்கேயும் யாரும் அவளோடு பேசுவதில்லை.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. மாதா வேஷம் கல்யாணமாகாத பெண்ணுக்குத்தான் என்பது எங்கள் கோயில் வழக்கம். கல்யாணம் ஆனால் வேஷம் போய்விடும். ஆனால் வேஷம் இருக்கிற வரைக்கும் கல்யாணமும் ஆவதாகத் தெரியவில்லை. ஊருக்குள்ளேயே பார்த்த ஒரு மாப்பிள்ளை வீட்டார், எல்லாம் கூடி வந்த பிறகு, பையன் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லியனுப்பினார்கள். கைகூப்பிக் கும்பிட்ட முகத்தை எப்படி வீட்டுக்கு அழைத்துவந்து சோறாக்கச் சொல்வது என்று அந்தப் பையன் கேட்டானாம். இன்னொரு வீட்டிலும் ஏறக்குறைய இதே கதை. அத்தைக்கு இருபத்தாறு முடிந்துகொண்டிருந்தது. அப்பா இரவில் புரண்டு புரண்டு படுப்பதாக அம்மா பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதனால் அரக்கோணத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தபோது அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. மாப்பிள்ளைக்கு ரயில்வேயில் வேலை. எல்லாவற்றுக்கும் மேலாக, அவர்கள் எங்கள் நாடகத்தைப் பார்த்ததில்லை. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு ஒரே ஒரு நிபந்தனைதான் இருந்தது. மூத்த மருமகள் வாயாடியாம். இரண்டாவதாக வருகிறவளாவது எதிர்த்துப் பேசாதவளாக இருக்க வேண்டுமாம். இதைக் கேட்டு அப்பா, அப்படியானால் எங்கள் வீட்டுக்குத்தான் கர்த்தர் அவர்களை அனுப்பியிருக்கிறார் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அத்தை ஒரு முறை பேசினாள். அப்பா வாசலில் உட்கார்ந்து ஒரு பழைய குழாய்க்கு ஒயர் மாற்றிக்கொண்டிருந்தார். நான் திருப்புளி எடுத்துக் கொடுக்கிற உத்தியோகத்தில் இருந்தேன். அத்தை உள்ளேயிருந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணா, இந்த சம்மந்தம் வேணாம்ணா. எனக்கு கல்யாணமே வேணாம். வேல இருக்குது, நாடகம் இருக்குது. நான் பாட்டுக்கு இப்டியே இருந்துக்கினு இருக்கேன்."

அப்பா கோபப்படவில்லை. அவர் தங்கையிடம் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. வேலை முடிந்து வரும்போது பொட்டலம் கட்டி வேர்க்கடலை வாங்கிவந்தால், அதை என்னிடம் கொடுக்காமல் முதலில் அவளிடம்தான் கொடுப்பார்.

"நாடகம் வருசத்துல ஒரு நாள்மா" என்றார். "மீதி நாளெல்லாம் இன்னா பண்ணுவ? எனக்கப்புறம் யாராண்ட இருப்ப?"

அத்தை கதவை விட்டுவிட்டு உள்ளே போனாள். அந்த ஒரு நாளுக்காகத்தான் மீதி நாளெல்லாம் அவள் இருந்தாள் என்பதை அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்கும் அப்போது அப்படித் தோன்றவில்லை. திருப்புளியைக் காணோம் என்று தேடிக்கொண்டிருந்தேன்.

தவக்காலத்தில் பெண் பார்க்கக் கூடாது. ஆனால் நாடகம் பார்க்கக் கூடாதென்று யாரும் சொல்லவில்லை. அப்பாவும் மாப்பிள்ளையின் மாமா ஒருவரும் சேர்ந்து இந்தக் குறுக்குவழியைக் கண்டுபிடித்தார்கள். அரக்கோணத்துக்காரர்கள், மாப்பிள்ளை மட்டும் இல்லாமல், பெரிய வெள்ளியன்று பக்திக்காக வருவதுபோல வந்து நாடகம் பார்ப்பார்கள், பெண்ணையும் பார்த்துக்கொள்வார்கள், காபி பலகாரம் எதுவும் கிடையாது, அன்றைக்கு ஊரே உபவாசம். பிடித்திருந்தால் ஈஸ்டர் கழிந்ததும் மற்றதைப் பேசலாம்.

அன்றைக்கு ஞானோபதேச அறையில் அம்மா அத்தைக்குத் தலையில் சாம்பல் தடவி நரைக்க வைத்துக்கொண்டிருந்தாள். முன்வரிசை நாற்காலியில் அவர்கள் வந்து உட்கார்ந்துவிட்டதை அப்போதுதான் சொன்னாள். அத்தை, "அண்ணன் எங்க ஒக்காந்துக்கினு இருக்கும்?" என்று கேட்டாள். மைக் செட் மேஜையிடம்தான், வேறெங்கே என்றாள் அம்மா. அத்தை நீலத்துணியை வாங்கித் தானே முக்காடு போட்டுக்கொண்டாள்.

நாடகம் வழக்கம்போலப் போனது. பேதுருவின் தாடி ஒரு பக்கம் தொங்கியது. பிலாத்து கை கழுவும்போது தண்ணீரை முன்வரிசை மேல் தெளித்தார். சிலுவையோடு இயேசு வந்தார், விழுந்தார், அத்தை கிட்டே போனாள். அப்போது ஒலிபெருக்கியில் சேவகனின் குரல் இழுபட்டு, பேய்க்குரலாகி, நின்றது.

கேசட் சிக்கிக்கொண்டது. அப்பா மூடியைத் திறந்து பார்த்தபோது டேப் நூடுல்ஸ் மாதிரி உள்ளே சுருண்டு கிடந்தது. மேடையில் எல்லாரும் அப்படியே உறைந்துவிட்டார்கள். வசனம் வந்தால்தான் அவர்களுக்கு அடுத்தது தெரியும். சாட்டையை ஓங்கிய சேவகன் ஓங்கியபடி நின்றான். இயேசு முழங்காலில் கிடந்தபடி ஓரக்கண்ணால் எங்கள் மேஜையைப் பார்த்தார். கூட்டத்தின் பின்பக்கம் யாரோ விசிலடித்தார்கள். அப்பாவுக்கு வேர்த்துக் கொட்டியது. என்னிடமிருந்த பென்சிலை வாங்கிக் கேசட்டின் பல்லில் சொருகி, தலையை மேஜையோடு கவிழ்த்துக்கொண்டு, இழுபட்ட டேப்பைச் சுற்றத் தொடங்கினார்.

அப்போதுதான் அத்தை நகர்ந்தாள்.

அந்த இடத்தில் அவள் மகனிடம் கையை நீட்ட வேண்டும், தள்ளப்பட வேண்டும், முந்தானையில் கையைத் துடைத்துக்கொள்ள வேண்டும். அதை எதையும் செய்யவில்லை. சிலுவையை விட்டுவிட்டு மேடையின் இடது ஓரத்துக்கு, எங்கள் பக்கமாக, நடந்து வந்தாள். விளிம்பில் நின்றாள். எங்களைப் பார்த்தாள். விசில் அடங்கிப்போனது. வலது கையை நெஞ்சில் வைத்து அங்கேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு இரண்டு கையையும் கூப்பினாள். தலையை, மிக மெதுவாக, இப்படியும் அப்படியும் அசைத்தாள். கூப்பிய கை இறங்கவே இல்லை. அழுகை சத்தமாக வரவில்லை. கண்ணீர் மட்டும் முகத்தில் உதிர்ந்திருந்த சாம்பலோடு கலந்து தாடையில் இறங்கியது. பிள்ளையை விட்டுவிடச் சொல்லி ஒரு தாய் கெஞ்சுகிறாள் என்று மைதானம் எடுத்துக்கொண்டது. பெண்கள் பக்கமிருந்து ஒரு விம்மல் கிளம்பி ஆண்கள் பக்கம் வரைக்கும் வந்தது. பாய் தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கேசட் சரியாகி, சேவகனின் குரல் திரும்பி வந்ததும், சாட்டை இறங்கியது. அத்தை திரும்பிப் போய் மகனுக்குப் பக்கத்தில் நின்றாள். அப்பா அப்போதுதான் தலையை நிமிர்த்தி, கர்த்தருக்கு ஒரு நன்றி சொல்லி, முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நாடகம் முடிந்ததும் மாப்பிள்ளையின் அம்மா நேராக எங்கள் அம்மாவிடம் வந்தார். அழுதழுது அவர் மூக்கு சிவந்திருந்தது. அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "இன்னா பொறுமைம்மா அந்தப் பொண்ணுக்கு. ஒரு வார்த்த பேசல பாரு. இந்த மாதிரி பொண்ணுதாம்மா எங்க வீட்டுக்கு வேணும்" என்றார். ஈஸ்டர் வரைக்கும் காத்திருக்கக்கூட அவருக்குப் பொறுக்கவில்லை. எங்கள் அம்மாவின் கையை விடாமல் சம்மதம் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினார்.

அத்தை கோயில் பின்பக்கத்துக் குழாயடியில் குனிந்து தலையிலிருந்த சாம்பலைக் கழுவிக்கொண்டிருந்தாள். அப்பா போய்ச் செய்தியைச் சொன்னார். அத்தை ஈரத்தலையோடு நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"அண்ணா, நீ பாத்தியா?"

"எங்கம்மா பாக்கறது? கேசட்டுதான் சிக்கிக்கிச்சே."

அத்தை மறுபடி குனிந்து தண்ணீரை ஊற்றிக்கொண்டாள். நான் பார்த்தேன் அத்தை, முழுசாகப் பார்த்தேன் என்று நான் கத்தினேன். அவள் ஈரக்கையை என் தலைமேல் வைத்தாள். சாம்பல் தண்ணீர் என் நெற்றியில் வழிந்தது.

ஈஸ்டர் கழிந்து அடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகளிலும் பூசையில் ஓலை வாசித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, தடை ஏதும் அறிந்தவர்கள் இருந்தால் சொல்ல வேண்டும் என்று சாமியார் கண்ணாடியைத் துடைத்து மாட்டி வாசித்தார். யாரும் எதுவும் சொல்லவில்லை. பெண்கள் பக்கத்தில் எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் அத்தை உட்கார்ந்திருந்தாள். சாமியார் கண்ணாடியைத் துடைத்தபோது நான் சிரிப்பை அடக்க முடியாமல் அவளைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

மறுவருஷம் வேறொரு பெண் மாதாவாக நின்றாள். நல்ல பெண்தான். உபதேசியார் மாதாவுக்குத் திரும்பவும் வசனம் எழுதினார்.

மாமாவைக் குறை சொல்ல எதுவும் இல்லை. சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து கொடுக்கிற மனிதர். அத்தைக்கு இரண்டு பிள்ளைகள், இப்போது ஒரு பேத்தியும். ஆனால் அந்த வீட்டுப் பெண்கள் நாடகத்துக்குப் போகிற வழக்கம் இல்லை, பார்ப்பதற்குக்கூட. பெரிய வெள்ளியன்று அத்தையை எங்கள் ஊர்ப் பக்கம் ஒருமுறைகூட அனுப்பியதில்லை. மற்ற நாட்களில் வருவாள். வந்தால் வாய் ஓய்வதில்லை. தக்காளி விலை, மருமகளின் சமையல், லோக்கல் ரயிலில் இடம் பிடித்த கதை என்று அரக்கோணத்தையே கொண்டுவந்து கொட்டுவாள். வாயில்லாத பெண் என்று கூட்டிப்போனவர்கள் ஏமாந்துவிட்டார்கள் என்று அம்மா வேடிக்கையாகச் சொல்வாள். அவ்வளவு பேச்சில் நாடகத்தைப் பற்றி ஒரு பேச்சு வந்ததில்லை. பேசாமல் யாரையும் நடித்துக் காட்டியதும் இல்லை.

போன பெரிய வெள்ளிக்கு அப்பாவை நாடகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இப்போதெல்லாம் பென் டிரைவ்தான், சிக்குவதில்லை. அப்பாவுக்குக் காது பாதிதான் கேட்கிறது, அதனால் முன்வரிசையில் உட்கார வைத்தேன். பக்கத்து நாற்காலியில் இருந்த பெரியவர் அப்பாவை அடையாளம் கண்டுகொண்டு, கேசட் நின்றுபோன அந்த வருஷத்து மாதாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அதற்குப் பிறகு அப்படி ஒன்றை இந்த மைதானத்தில் பார்க்கவில்லை என்றார். இதை அப்பா பல பேர் வாயிலிருந்து பல முறை கேட்டிருக்கிறார்.

வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோவில் என்னைக் கேட்டார். "எல்லாரும் சொல்றாங்க. நான்தான் பாக்கல. நீ எங்கூடத்தான இருந்த. அப்டி இன்னாமா செஞ்சா?"

நான் ஓடுகிற ஆட்டோவில் செய்து காட்டினேன். கையை நெஞ்சில் வைத்தேன். இரண்டு கையையும் கூப்பினேன். தலையை மெதுவாக அசைத்தேன். எனக்கு நடிப்பு வராது. ஆனாலும் அப்பா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டோ தெருமுனையில் நின்ற பிறகும் இறங்கவில்லை.

"யாரப் பாத்து?"

"உன்னதான்பா. அத்த உன்னதான் பாத்துக்கினு இருந்துச்சு. நீதான் தலையத் தூக்கல."

அப்பா வீட்டுக்குள் வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல், கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். வெகுநேரம் கழித்து, நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தபோது, தம்ளரை வாங்காமல் கேட்டார்.

"நீ பாத்த இல்ல. நீ இன்னா செஞ்ச?"

அத்தை என்னைத்தான் பார்க்கிறாள் என்று நினைத்தேன். அவ்வளவு பெரிய கூட்டத்தில், மேடையிலிருந்து, மாதாவே என்னைத் தேடி வந்து பார்க்கிறாள் என்று நினைத்தேன். பெட்டியின் மேல் ஏறி நின்று, பஸ்ஸில் ஊருக்குப் போகிறவர்களுக்கு ஆட்டுவோமே, அப்படிச் சிரித்துக்கொண்டே அவளுக்குக் கையாட்டினேன்.